முதற்படியில் நிற்பவர்கள்

குழந்தையின் கல்வி எழுத்திலே தொடங்குவதில்லை. கையிலும் கண்ணிலும் காதிலும் தொடங்குகிறது. இவ்வுண்மையை நான் நூல்களிற் படித்து அறிந்தவளல்லேன். வடமராட்சிக் கடற்கரைக் கிராமம் ஒன்றிலே, சனசமூக நிலையக் கட்டடத்தில் நடைபெறும் முன்பள்ளியில் 11 ஆண்டுகளாக உதவியாளாகக் கடமையாற்றி அறிந்துகொண்டேன். இங்கே பிள்ளைகள் 26 பேர், ஆசிரியை ஒருவர், உதவியாள் நான் ஒருத்தி.

உதவியாளுக்கு என்ன வேலை என்று கேட்போர் பலர். பெருக்குதல், தண்ணீர் அள்ளுதல், பாய் விரித்தல், அழும் பிள்ளையைத் தாயின் இடுப்பிலிருந்து வாங்குதல், கை கழுவித் துடைத்தல் என்று விடை கூறினால் அது பொய்யாகாது. ஆயினும் முழு உண்மையும் ஆகாது. ஆசிரியை முன்னே நின்று கதை சொல்கிறார். நான் பாயின் பின் ஓரத்தில் அமர்ந்திருக்கிறேன். எந்தப் பிள்ளை காலை உணவின்றி வந்து சோர்ந்து சரிகிறது, எது தானாகச் செய்யாமல் அடுத்த பிள்ளையைப் பார்த்துப் பார்த்தே செய்கிறது என்பவை பின்னே இருப்பவளுக்கே முதலில் தெரிகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன், கடற்றொழிலாளி ஒருவரின் மகன் நான்கு வயதில் எங்களிடம் வந்து சேர்ந்தான். சொற்கேளாதவன், முரடன் என்பது ஊரார் வழங்கிய தீர்ப்பு. முகத்தைக் காட்டி அழைத்தால் அவன் ஓடி வருவான்; பின்னாலிருந்து அழைத்தால் திரும்பான். ஒருநாள் காற்றிலே கதவு படாரென்று சாத்திற்று. பிள்ளைகள் அனைவரும் திடுக்கிட்டனர். அவன் மாத்திரம் சிப்பிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். நான் ஆசிரியையிடம் கூறினேன். அவர் இரண்டு நாட்கள் கவனித்துப் பார்த்தபின் தாயை அழைத்துப் பேசினார்.

“பிள்ளைக்குக் காது கேக்கேல்லையெண்டே சொல்லுறியள், ரீச்சர்? சொன்னது கேக்கிறானில்லையெண்டு நாங்கள் எவ்வளவு அடிச்சுப்போட்டம்!” என்று அந்தத் தாய் நிலத்தில் இருந்துவிட்டாள்.

வைத்தியசாலையில் சோதித்தபோது இரு காதுகளிலும் கேட்டல் குறைவு இருப்பதாகக் கண்டனர். கருவி பொருத்தப்பட்டது. இன்று அவன் ஏனைய பிள்ளைகளுடன் பாடசாலையிற் படிக்கிறான். இதிலே என் சாமர்த்தியம் என்று எதுவுமில்லை. இருபத்தாறு பிள்ளைகளுக்கு இரண்டாவது சோடிக் கண்கள் இருந்தன, அவ்வளவே. அவை இல்லாத இடங்களில் எத்தனை பிள்ளைகள் முரடர் என்றும் மந்தர் என்றும் பெயர் பெற்று அடி வாங்குகின்றனரோ!

1907ஆம் ஆண்டு ஜனவரியில் உரோமாபுரியின் சான் லொரென்சோ பகுதியில் மரியா மொண்டிசோரி அம்மையார் தமது முதலாவது குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அங்கு வந்தவர்கள் செல்வர் வீட்டுச் செல்வங்கள் அல்லர். பெற்றார் வேலைக்குப் போனபின் கவனிப்பாரின்றித் திரிந்த தொழிலாளர் வீட்டுக் குழந்தைகள். கை கழுவுதலையும் சட்டைக்குத் தெறி பூட்டுதலையும் அவ்வம்மையார் பாடங்களாகவே கொண்டார். இன்றோ அவருடைய பெயர் நகரத்து விளம்பரப் பலகைகளில் பணமுள்ளோர்க்கு உரிய பெயராகத் தொங்குகிறது. அவர் பாடம் என்று கண்டதை நாமோ எடுபிடி வேலை என்று கருதுகிறோம்.

“மூண்டு வயசாச்சு, இன்னும் ‘அ’ எழுதப் பழக்கேல்லையோ?” என்று கேட்கும் பெற்றாரை நான் குறை கூறேன். ஐந்தாம் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் நிழல் முன்பள்ளி வாசல்வரை நீண்டு கிடக்கிறது. ஆனால் களிமண்ணைப் பிசையாத விரல், புளியங்கொட்டையைப் பொறுக்கி எண்ணாத விரல், பென்சிலைப் பற்றியதும் களைத்துவிடுகிறது. களைத்த விரலுக்கு எழுத்து வெறுப்பாகிறது.

1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இந்நாட்டில் இலவசக் கல்வி மலர்ந்தது. ஏழை மக்களின் வரலாற்றில் அதற்கு ஈடான சாதனைகள் சிலவே. எனினும் அரசாங்கப் பாடசாலையின் கதவு ஐந்து வயதிலேதான் திறக்கிறது. அதற்கு முற்பட்ட பருவம் கட்டாயக் கல்விக்கும் வெளியே நிற்கிறது. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் முன்பள்ளிகளை மாகாண சபைகளின் பொறுப்பில் வைத்தது. நடைமுறையிலோ எங்கள் பள்ளி போன்றவை பெற்றார் தரும் பணத்தை நம்பியே மூச்சு விடுகின்றன. வாடைக் காலத்தில் கடல் பொங்கி வள்ளங்கள் கரையிற் கிடக்கும்போது அப்பணம் வராது. பணம் கொடுக்க இயலாத தாய், நாங்கள் கேட்காதபோதும், வெட்கத்தினால் பிள்ளையை மறித்துவிடுகிறாள். கடலின் சீற்றம் மூன்று வயதுக் குழந்தையின் படிப்பை நிறுத்துகிறது. இதற்கு இலவசக் கல்வி என்று பெயரா?

எனக்குக் கிடைப்பது சம்பளமன்று, ‘படி’. கூலி வேலைக்குப் போகிறவர் சில நாட்களில் ஈட்டும் தொகை அது. சேமலாப நிதியில்லை, ஓய்வூதியமில்லை. “பிள்ளையளோடை இருக்கிறது புண்ணியமான வேலை” என்று பெரியவர்கள் ஆறுதல் கூறுகின்றனர். புண்ணியத்தைக் கொடுத்து அரிசி வாங்க முடியாது. பெண்கள் வீட்டில் கூலியின்றிச் செய்யும் வேலையை ஒத்திருப்பதனாலேயே இவ்வுழைப்புக்கு விலை குறைகிறது என்பது என் துணிபு. தாய்மை என்று போற்றுவது எளிது. தொழில் என்று ஒப்புக்கொண்டால் ஊதியம் கொடுக்க வேண்டி வருமே!

நாங்கள் கேட்பது பெரிதன்று. ஒவ்வொரு முன்பள்ளியிலும் பயிற்சி பெற்ற இரண்டாமவர் ஒருவர் இருத்தல் வேண்டும். ஆசிரியைக்கும் அவருக்கும் பொது நிதியிலிருந்து மாதச் சம்பளம் வழங்கப்படல் வேண்டும். சேர்கின்ற ஒவ்வொரு பிள்ளையின் கண்ணும் காதும் முதல் ஆண்டிலேயே சோதிக்கப்படல் வேண்டும். இவற்றை அரசு தானாகத் தராது. ஊர்கள் கேட்க வேண்டும். அடுத்த முறை உங்கள் சனசமூக நிலையக் கூட்டத்திலே கணக்கு வாசிக்கப்படும்போது, முன்பள்ளி உதவியாளுக்கு என்ன கொடுக்கப்படுகிறது என்று எழுந்து கேளுங்கள். அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கலாம்.