அப்பாவின் பெயரில் ஓர் அபராதம்

அப்பா இறந்து 14 மாதங்கள் கழிந்தபின், அவர் தலைக்கவசம் அணியாமல் இருசக்கர வாகனம் ஓட்டியதாக அவருடைய கைப்பேசிக்கே ஒரு குறுஞ்செய்தி வந்தது. அது 2024 மார்ச் மாதம். அந்தக் கைப்பேசியை அம்மா இன்னும் அணைக்கவில்லை. மாதந்தோறும் தவறாமல் பணம் கட்டி, இரவில் மின்னேற்றி, சாமி மாடத்தின் கீழே வைத்திருக்கிறார். வங்கி விளம்பரங்களைத் தவிர அதற்கு வேறு எதுவும் வருவதில்லை. வந்தது ஆங்கிலத்தில் இருந்ததால், வங்கிக் கணக்கில் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து எங்களைக் கூப்பிட்டார்.

நாங்கள் என்பது அண்ணனும் தங்கையும். ஒருவர் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிறோம். மற்றவர் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறோம். இதை யார் எழுதினால் என்ன என்று இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். எங்கள் ஊர் வடக்குப்பட்டு. ஸ்ரீபெரும்புதூரையும் ஒரகடத்தையும் தொழிற்சாலைகளின் பெயரால் மட்டுமே அறிந்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. 2022-இல் தொல்லியல் துறை இங்கே ஒரு மேட்டைத் தோண்டியபோது செய்தித்தாள்களில் சில நாட்கள் அடிபட்ட பெயர்.

செய்தியில் இருந்தது இவ்வளவுதான்: வண்டி எண், குற்றம், 1000 ரூபாய், ஓர் இணைப்பு. நிகழ்ந்த இடமாகக் காட்டியிருந்த ஊர் இங்கிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல். அப்பாவின் டி.வி.எஸ். எக்ஸ்.எல். மொபெட் வடக்கே ஸ்ரீபெரும்புதூரையும் தெற்கே சிங்கப்பெருமாள்கோவிலையும் தாண்டியதில்லை. குறிப்பிட்ட நாளில் அது பின்சக்கரத்தில் காற்றில்லாமல் வேப்பமரத்தடியில் நின்றது. அம்மாவிடம் விவரத்தைச் சொன்னோம். வேறெதையும் அவர் கேட்கவில்லை. "அவரு ஹெல்மெட் போடாம வாசப்படியத் தாண்டுவாரா?" என்று மட்டும் கேட்டார்.

கேள்வி நியாயமானது. 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் தலைக்கவசம் அணிந்தே ஆகவேண்டும் என்று உயர்நீதிமன்ற உத்தரவின் பேரில் நடைமுறைக்கு வந்தபோது, ஊரில் முதலில் வாங்கியவர்களில் அவர் ஒருவர். டீக்கடைக்குப் போனாலும் போட்டுக்கொண்டு போவார். அதற்காகக் கேலிக்கு ஆளானார். கழற்றவில்லை.

தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி யோசனை சொன்னார்கள். ஆயிரம் ரூபாயைக் கட்டித் தொலையுங்கள், இதற்காக அலைந்தால் ஒரு நாள் சம்பளம் போகும். கணக்கு சரிதான். 2022 அக்டோபரில் அரசு இந்தத் தொகையை நூறிலிருந்து ஆயிரமாக உயர்த்தியது முதலே, தவறாக வந்ததைக் கட்டியவர்களும் உண்டு, சரியாக வந்ததைக் கட்டாதவர்களும் உண்டு. நாங்களும் கட்டிவிடத்தான் நினைத்தோம். அட்டை எண்ணைக்கூட எடுத்து வைத்துவிட்டோம். அம்மா, "கட்டிட்டா அவரு செஞ்சாருன்னு ஆயிடாதா?" என்றார். ஆகும் என்பதுதான் பதில். சமரசத் தொகை செலுத்துவது குற்றத்தை ஒப்புக்கொள்வதே. அட்டையை உள்ளே வைத்தோம்.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நிலத்தில் பாதி கையைவிட்டுப் போனபின், 11 ஆண்டுகள் ஒரு தொழிற்சாலையின் நுழைவாயிலில் காவலாளியாக நின்றார். உள்ளே போகும், வெளியே வரும் லாரிகளின் எண்களைப் பேரேட்டில் எழுதுவது அவர் வேலை. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் ஒரகடம் கூட்டு ரோட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எத்தனை மாநிலத்து எண்கள் அங்கே ஊர்ந்து செல்கின்றன என்பது. ஹரியானா, மகாராஷ்டிரா, நாகாலாந்து. சேறும் கிரீசும் அப்பிய பலகைகள். அப்பா முன்னால் ஒரு முறை படிப்பார். டார்ச் விளக்கோடு வண்டியைச் சுற்றிப் பின்னால் போய் ஒரு முறை படிப்பார். இரண்டும் ஒத்திருந்தால்தான் எழுதுவார். ஓட்டுநர்கள் அலுத்துக்கொள்வார்கள். எட்டும் மூன்றும் அவரைப் பொறுத்தவரை ஆபத்தானவை. எட்டின் இடப்பக்கம் வண்ணம் உதிர்ந்தால் மூன்று. மூன்றின் மேல் சேறு பட்டால் எட்டு. "ஒரு கோடுதான், சரக்கு வேற ஊருக்குப் போயிடும்" என்பார்.

மேட்டில் தோண்டியபோது, இரவுப் பணி முடிந்து வரும் வழியில் தினமும் அங்கே நின்று பார்த்தார். இடைக்கற்காலக் கருவிகள் கிடைத்தன என்றார்கள். கூரை ஓடுகள், உரோமானியச் சாடித் துண்டுகள், சிறு பொன்னணிகள் என்றார்கள். அப்பாவைக் கவர்ந்தது பொன் அல்ல. ஒவ்வொரு துண்டையும் உறையிலிட்டு, எந்தக் குழி, எந்த ஆழம், எந்த நாள் என்று எழுதி ஒட்டிய சீட்டுகள். வீட்டுக்கு வந்து, "நம்மள மாதிரியேதான் எழுதுறாங்க" என்றார். எழுதியது தவறானால் அந்தக் கல் வெறும் கல்லாகிவிடும் என்பதை அவருக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

அப்படிப்பட்டவரின் எண்ணை யாரோ பின்னால் போய்ப் பார்க்காமல் எழுதிவிட்டார்கள்.

இணைப்பைத் திறந்து ஒளிப்படத்தைத் தேடினோம். மின்னணுக் கண்காணிப்புக்கு 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வழிசெய்தது. 2021 ஆகஸ்டில் வந்த விதி, வாகன எண் தெரியும் படம், இடம், நாள், நேரம், மீறப்பட்ட சட்டப்பிரிவு ஆகியவை அறிவிப்பில் இருக்கவேண்டும் என்றும், நிகழ்ந்த 15 நாட்களுக்குள் அது உரியவருக்கு அனுப்பப்படவேண்டும் என்றும் சொன்னது. படம் இருந்தது. வெளிர்நீல ஸ்கூட்டர் ஒன்றில் இரண்டு இளைஞர்கள். முன்னால் இருப்பவன் சிரித்துக்கொண்டிருந்தான். எங்கள் மொபெட்டுக்கும் அந்த ஸ்கூட்டருக்கும் சக்கரங்களின் எண்ணிக்கையைத் தவிர வேறு ஒற்றுமை கிடையாது. பலகையைப் பெரிதாக்கிப் பார்த்தபோது இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தோம், பிறகு நிறுத்திக்கொண்டோம். கடைசி இலக்கம் எட்டு. அதன் இடப்பக்கம் உதிர்ந்திருந்தது.

இவ்வகைப் பிழைகள் நம்மூருக்கு மட்டும் உரியவை அல்ல. 2021-இல் இங்கிலாந்தின் பாத் நகரில், பேருந்துத் தடத்தில் நடந்துபோன ஒரு பெண்ணின் சட்டையில் 'நிட்டர்' என்று அச்சிட்டிருந்ததை, பையின் வார் குறுக்கே விழுந்த காரணத்தால், கேமரா ஒரு வண்டி எண்ணாகப் படித்துவிட்டது. அபராதம் நெடுந்தொலைவில் சர்ரேயில் வசித்த ஒரு தம்பதிக்குப் போனது. அயர்லாந்தில் 'பிராவோ யாஸ்டி' என்ற போலந்து நாட்டவர் ஐம்பதுக்கும் மேற்பட்ட போக்குவரத்துக் குற்றங்களைச் செய்து, ஒவ்வொரு முறையும் வேறு வேறு முகவரி தந்து தப்பியதாகக் காவல்துறைப் பதிவுகள் காட்டின. விசாரித்தபோது அது ஆளின் பெயரே அல்ல என்று தெரிந்தது. போலிஷ் மொழியில் 'ஓட்டுநர் உரிமம்' என்று பொருள். உரிமத்தின் மேலே அச்சிட்டிருந்த சொற்களைப் பெயர் என்று எண்ணி எழுதியிருக்கிறார்கள். 2009-இல் அந்தக் காவல்துறைக்கு இலக்கியத்துக்கான இக் நோபல் பரிசு, அதாவது நோபலைப் பகடி செய்யும் பரிசு, வழங்கப்பட்டது. இல்லாத மனிதரை எழுத்தால் படைத்ததற்குப் பரிசு பொருத்தமே. எங்கள் வழக்கில் படைக்கப்பட்டவர் ஒருகாலத்தில் இருந்தவர் என்பதுதான் வேறுபாடு.

தமிழாசிரியர் வீட்டில் சிலம்பு நினைவுக்கு வராமல் இருக்காது. அங்கேயும் பிரச்சினை ஒன்றைப் போல் இன்னொன்று இருந்ததுதான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே. உடைத்தால் ஒன்றில் முத்து, மற்றதில் மாணிக்கம். உடைத்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. அம்மாவுக்கு மதுரையை எரிக்கும் உத்தேசம் எதுவும் இல்லை. ஆனால் கோவலனை மீட்கமுடியாது என்று தெரிந்தபின்னும் கண்ணகி வழக்குரைக்கப் போனது ஏன் என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிவந்த விளக்கத்தில் ஏதோ குறைந்திருந்ததாக அந்த வாரத்தில் தோன்றியது.

இணையத்தில் புகார் பதிந்தோம். பதிவுச் சான்றின் நகல், மொபெட்டின் முன், பின், பக்கவாட்டுப் படங்கள், பெரிதாக்கிய பலகைப் படம். மூன்று வாரங்கள் 'பரிசீலனையில்' என்றே காட்டியது. ஒரு சனிக்கிழமை இரண்டு பேருந்து மாறி நேரில் போனோம். எந்த ஊர், எந்த அலுவலகம் என்பது வேண்டாம். எங்களைப் பார்த்த தலைமைக் காவலர் சலிப்பான மனிதராகத் தெரிந்தார். ஆனால் படத்தைத் திரையில் விரித்தவுடன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"இது எட்டுங்க. கைக்கருவில போடுறப்ப மூணுன்னு போட்டுட்டாங்க. வண்டியும் வேற. எடுத்துடலாம்" என்றார். நிம்மதியாக இருந்தது. "ஓனர்தான் கையெழுத்துப் போடணும். யாரு?"

"எங்க அப்பாங்க."

"அவரை ஒரு தடவை வரச் சொல்லுங்க."

யார் பதில் சொல்வது என்று ஒருவரையொருவர் பார்த்தோம். அவர் புரிந்துகொண்டார். சற்று நேரம் திரையைப் பார்த்திருந்துவிட்டு, "எப்போ?" என்றார். சொன்னோம். "வண்டிய யாரு ஓட்டுறது?" என்ற அடுத்த கேள்விக்குத்தான் எங்களிடம் நல்ல பதில் இல்லை.

மோட்டார் வாகனச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. உரிமையாளர் இறந்தால் வாரிசு 30 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும். மூன்று மாதம் வரை அவர் பெயரிலேயே ஓட்டலாம். அதற்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கவேண்டும். நாங்கள் 14 மாதங்கள் விண்ணப்பிக்கவில்லை. இறப்புச் சான்றிதழ் இருந்தது. வாரிசுச் சான்றிதழும் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வாங்கியாயிற்று. படிவத்தை நிரப்பி அலமாரியில் வைத்திருந்தோம். நேரமில்லை என்று எங்களுக்குள்ளே சொல்லிக்கொண்டோம். நேரம் இருந்தது. பால் வாங்கவும் ரேஷனுக்கும் அந்த மொபெட்டில் போகும்போது, அது அப்பாவின் வண்டி என்று ஓர் அரசுப் பதிவேடு இன்னும் ஒப்புக்கொள்கிறது என்பதில் ஒரு ஆறுதல் இருந்தது. குடும்ப அட்டையில் பெயரை நீக்கியாயிற்று. வங்கியில் நீக்கியாயிற்று. இது ஒன்றுதான் மிச்சம்.

ஆக, பொய்யான பதிவு இரண்டு. ஒன்று அவர்களுடையது, ஒரு இலக்கத்தில். மற்றது எங்களுடையது, ஒரு பெயரில். அவர்களுடைய தவறு ஒரு நொடியில் நேர்ந்தது. எங்களுடையது தெரிந்தே 14 மாதம் நீடித்தது. முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை பார்த்து எழுதியவர் எங்களை என்ன சொல்லியிருப்பார் என்பதைத் திரும்பிவரும் பேருந்தில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அந்தக் காவலர் எங்களைத் திட்டவில்லை என்பதைச் சொல்லவேண்டும். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் இணைத்து, அம்மா கையெழுத்திட்ட மனு ஒன்றைக் கேட்டார். பெயரை மாற்றிவிடுங்கள், அடுத்த முறை காப்பீட்டில் சிக்கல் வரும் என்றார். அதுவும் உண்மை. விபத்து ஏதும் நேர்ந்திருந்தால் இறந்தவர் பெயரில் இருக்கும் வண்டிக்காக எந்தப் பதிலை யாரிடம் சொல்லியிருப்போம்?

அம்மா மனுவில் கையெழுத்திடும் முன் முழுதும் படிக்கச் சொன்னார். 'என் கணவர் மேற்படி குற்றத்தைச் செய்யவில்லை' என்ற வரியை இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். பிறகு கையெழுத்திட்டார். படிவம் 31-ஐயும் அப்போதே எடுத்துவந்து நீட்டினோம். அதில் எங்கே போடவேண்டும் என்று கேட்டு, அதையும் போட்டார். அதைப் படிக்கச் சொல்லவில்லை.

மே மாத இறுதியில் சலான் நீக்கப்பட்டது. அப்பாவின் எண்ணைத் தட்டினால் நிலுவை ஏதுமில்லை என்று வந்தது. ஜூலையில் புதிய பதிவுச் சான்று வந்தது, அம்மாவின் பெயரில். மொபெட் பழைய எண்ணிலேயே ஓடுகிறது; 2014-இல் கூட்டு ரோட்டில் ஒரு பெயிண்டர் எழுதிய பலகை, மூன்று இன்னும் மூன்றாகவே தெரிகிறது.

சலான் நீங்கிய அன்று அம்மாவிடம் திரையைக் காட்டினோம். சரி என்றார். கொஞ்சம் யோசித்து, "அப்ப அந்த எட்டு நம்பர்காரனுக்குப் போயிருக்குமா?" என்றார். போயிருக்கலாம் என்றோம்.

"அதையாவது பின்னால போயிப் பாத்து எழுதினாங்களான்னு கேட்டீங்களா?" என்றார்.

கேட்கவில்லை.