கால்வாய்க் கரையில் ஒரு படச்சுருள்

சென்னையைக் காண வரும் அன்பர்கள் மெரீனாக் கடற்கரையையும், சாந்தோம் பேராலயத்தையும், கபாலீசுவரர் கோயில் கோபுரத்தையும் படமெடுத்துக்கொண்டு மனநிறைவோடு ஊர் திரும்புகின்றனர். இவற்றிற்கு அண்மையிலேயே கறுத்த நீரோடு கிடக்கின்ற பக்கிங்காம் கால்வாயை எவரும் படமெடுப்பதில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடந்துவிடுவதே வழக்கம். நானும் அவ்வாறு கடந்தவன்தான். 2001-ஆம் ஆண்டில் ஒரு நாள் மாலை மட்டும் அங்கே நின்றேன்.

குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. நண்பர் ஒருவர் இரவலாகத் தந்த பழைய காமிராவும், 36 படங்கள் எடுக்கத்தக்க கறுப்பு வெள்ளைச் சுருள் ஒன்றும் கையில் இருந்தன. பறக்கும் இரயில் 1997-இல் மயிலாப்பூர் வரை வந்துவிட்டிருந்தது. அதற்குத் தெற்கே, மந்தைவெளிப் பக்கம், கால்வாயை ஒட்டிப் பெருந்தூண்கள் மட்டும் எழும்பி நின்றன. மேலே பாதையுமில்லை, வண்டியுமில்லை. கூரையில்லாத மண்டபத்தைப் போன்ற அந்தத் தோற்றமே என்னை இழுத்தது. தூண்களைப் படமெடுக்கத்தான் போனேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

இக்கால்வாயின் வரலாற்றை அப்போது நான் அறிந்திருக்கவில்லை. சென்னையிலிருந்து எண்ணூர் வரை 1806-இல் தொடங்கிய வாய்க்கால், பின்னர் வடக்கே பெத்தகஞ்சாம் வரையிலும் தெற்கே மரக்காணம் வரையிலும் நீண்டு, 400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீர்வழியாயிற்று. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் அதில் சென்றன. நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கின்ற ஏறத்தாழ 8 கிலோமீட்டர் பகுதியோ, 1876 முதல் 1878 வரை நீடித்த கொடும் பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு நிலைத்தது. மண்ணை வெட்டிச் சுமந்தவர்களோ, பசியால் வாடி, கூலிக்காக வந்தவர்கள். 1965, 1966-ஆம் ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைப் பெரிதும் சிதைத்தன. படகுகள் படிப்படியாக மறைந்தன. சாக்கடை நீர் நிறைந்தது. கரையில் இடமற்றோர் குடிசை கட்டிக்கொண்டனர்.

மந்தைவெளிப் பக்கம் கால்வாய் ஏறக்குறைய வடக்கு தெற்காக ஓடுவதால், மாலை 4 மணிக்குப் பின் மேல்கரையில் நின்றால் கதிரவன் நம் முதுகுப்புறமிருந்து எதிர்க்கரையை விளக்குவான். அந்த வெயிலில் தகரக் கூரையும், பனையோலையும், வரிசையாக வைத்த பிளாஸ்டிக் குடங்களும், ஈரத்துணிகளும் தனித்தனியே தெளிந்து தெரிந்தன. நான் நான்கைந்து படங்கள் எடுத்திருப்பேன். முதியவர் ஒருவர் என் அருகில் வந்து, "எதுக்கு சார் எடுக்கறீங்க? இடிக்கவா?" என்று கேட்டார்.

அக்கேள்வி என்னைத் திடுக்கிடச் செய்தது. அளவெடுப்போரும், கணக்கெடுப்போரும், கதவில் சாயத்தால் எண் எழுதிச் செல்வோரும் வந்துபோகின்ற கரையில், காமிராவோடு நிற்கும் அந்நியனை அவர் வேறு எவ்வாறு எண்ணுவார்? இல்லை என்றேன், நான் யார் என்பதையும் சொன்னேன். பிறகு எஞ்சிய படங்களுக்கெல்லாம் அனுமதி கேட்டே எடுத்தேன். ஆயினும் முன்னரே எடுத்தவை சுருளில் இருந்தன. அவற்றுள் ஒன்றில், தூணுக்கு வலப்புறம் ஓர் ஓரத்தில், திறந்த வாசலில் குடத்தோடு நின்ற ஒரு பெண்மணியும் விழுந்துவிட்டார். அவரை நான் கேட்கவுமில்லை, கவனிக்கவுமில்லை.

2004-இல் இரயில் திருவான்மியூர் வரை ஓடத் தொடங்கிற்று. 2007-இல் வேளச்சேரியை எட்டிற்று. தூண்கள் தாம் எழுந்த நோக்கத்தை நிறைவேற்றிவிட்டன. குடிசைகளோ ஒவ்வொரு வரிசையாகப் போயின. 1970-இல் தோன்றிய குடிசை மாற்று வாரியம் தொடக்கக் காலத்தில் நகருக்குள்ளேயே பல இடங்களில் மாடிக் குடியிருப்புகளைக் கட்டியது. 2000-ஆம் ஆண்டையொட்டியோ, கண்ணகி நகர் போன்ற தொலைவிடங்களை நோக்கி மக்கள் பெயர்க்கப்பட்டனர். வீடு கிடைத்தது, வேலை மயிலாப்பூரிலேயே தங்கிவிட்டது.

அண்மையில் பங்கு மன்றத்தில் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக அப்பழைய படங்களைப் பெரிதாக்கி ஒட்டி வைத்தேன். மன்றத்தைத் துப்புரவு செய்ய வந்த அம்மையார் ஒருவர், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு படத்தின் முன் வெகுநேரம் நின்றார்.

"சாமி, இது எங்கம்மா."

ஓரத்தில் நின்ற பெண்மணியைத்தான் சொன்னார். தாய் இறந்து பல ஆண்டுகள் ஆயினவாம். வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூட இல்லையாம். கண்ணகி நகரிலிருந்து பேருந்தில் திருவான்மியூர் வந்து, அங்கிருந்து பறக்கும் இரயிலில் மந்தைவெளியில் இறங்கி, நான்கு வீடுகளில் வேலை செய்துவிட்டுத் திரும்புகிறவர் அவர். "எங்க வூடு இருந்த எடத்த தாண்டித்தான் சாமி தெனமும் வர்றேன். வண்டி திரும்பறப்ப எட்டிப் பாப்பேன். கம்பிவேலிதான் தெரியும்" என்றார்.

தாயின் உருவத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்கித் தருவதாகச் சொன்னேன். படக்கலை பயின்றோர் எவரும் அதைத்தான் சொல்வர்; தூண் பாதிப் படத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அவர் உடனே மறுத்தார். "தூணும் இருக்கட்டும் சாமி. தூண் இல்லேன்னா எந்த எடம்னு எம் பசங்களுக்கு எப்படித் தெரியும்?"

முழுப் படத்தையே பிரதியெடுத்துக் கொடுத்தேன். பின்புறத்தில் வீட்டு எண்ணை எழுதித் தருமாறு கேட்டார். பூதக்கண்ணாடி வைத்துக் கதவைப் பார்த்தேன். சாயத்தால் எழுதிய 4 என்ற இலக்கம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அடுத்த இலக்கத்தைக் குடத்தின் விளிம்பு மறைத்திருந்தது. அதை அவர் சொல்ல, நான் எழுதினேன்.