குதிரைக்குப் போடுற முள்ளங்கியா தம்பி?

பெரிய மார்க்கெட்ல கிடைக்காத பொருளே கிடையாதுன்னு எங்க ஊர்ல எல்லாரும் சொல்வாங்க. பேப்பர்ல அதை குபேர் அங்காடின்னு எழுதுவாங்க. 1963-ல புதுச்சேரியோட முதல் முதலமைச்சர் ஆன எதுவார் குபேரோட பேர் அது. ஆனா ஆட்டோ அண்ணன்கிட்ட அந்தப் பேரைச் சொன்னா, ஒரு நொடி யோசிச்சுட்டு "பெரிய மார்க்கெட்டுதானே?"ன்னு கேட்பார். நேரு வீதிப் பக்கமா நுழைஞ்சு ரங்கப்பிள்ளை வீதிப் பக்கமா வெளிய வர்றதுக்குள்ள பூ, மீன், கருவாடு, காய், மளிகை எல்லாத்தையும் பார்த்துடலாம். போன செமஸ்டர் லீவுல நான் அங்க தேடிப் போனது ஒரு வேர். பிரெஞ்சுல ரேஃபோர், இங்கிலீஷ்ல ஹார்ஸ்ரேடிஷ்.

கேட்டது எங்க தாத்தா. அவர் சொல்தா. பாண்டிச்சேரிக்காரங்களுக்கு விளக்க வேண்டாம், மத்தவங்களுக்காகச் சொல்றேன்: பிரெஞ்சு ராணுவத்துல வேலை பார்த்து, பென்ஷனோட ஊர் திரும்பினவங்களை நாங்க அப்படித்தான் சொல்வோம். 1962 ஆகஸ்ட் 16-ல சட்டப்படி பாண்டிச்சேரி இந்தியாவோட இணைஞ்சப்போ, பிரெஞ்சுக் குடியுரிமையே போதும்னு எழுதிக் கொடுத்த குடும்பங்கள்ல எங்களுதும் ஒண்ணு. தாத்தா சில வருஷம் ஜெர்மனி எல்லையை ஒட்டின அல்சாஸ்ல இருந்தார். அங்க வேக வச்ச மாட்டுக்கறிக்கு ரேஃபோரைத் துருவித் தொட்டுக்கக் கொடுப்பாங்களாம்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு காய்ச்சல் வந்து போனதுலேர்ந்து தாத்தாவுக்கு வாசனை தெரியலை. வைரஸ் காய்ச்சலுக்கு அப்புறம் இப்படி ஆகுறது உண்டுன்னு டாக்டர் சொன்னார். வாசனை போனா ருசியும் பாதி போயிடுது. ஆயா வைக்கிற மீன் குழம்பு அவருக்கு உப்பும் புளிப்பும் கலந்த சுடுதண்ணி. 62 கிலோ இருந்தவர் 54-க்கு வந்துட்டார். சாப்பிடுங்கன்னு ஆயா கெஞ்சுறதும், அவர் தட்டைத் தள்ளி வைக்கிறதும் தினசரிச் சண்டை. அந்த நிலைமையில ஒரு நாள் அவரா வாயைத் திறந்து "ரேஃபோர் கிடைச்சா தின்னுவேன்டா"ன்னார்.

மார்க்கெட்ல காய்க்கடை அக்காகிட்ட போன்ல படத்தைக் காட்டி, பேரையும் தமிழ்ப்படுத்திச் சொன்னேன். "குதிரைக்குப் போடுற முள்ளங்கியா தம்பி?"ன்னு பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினாங்க. ஒருத்தர் மாங்காய் இஞ்சியை எடுத்துக் கொடுத்தார். நாட்டு மருந்துக் கடையில ஒரு பெரியவர் மட்டும், "முருங்கை வேர் அந்தக் காரம் அடிக்கும்"னார். அவர் சொன்னது சரிதான். வெள்ளைக்காரங்க இந்தியாவுல ரேஃபோருக்குப் பதிலா முருங்கை வேரைத் துருவித்தான் சாப்பிட்டிருக்காங்க. முருங்கைக்கு இங்கிலீஷ்ல ஹார்ஸ்ரேடிஷ் மரம்னே ஒரு பேர் இருக்கு. ஆனா அந்த வேர்லயும் பட்டையிலயும் உடம்புக்கு ஆகாத ஆல்கலாய்டுகள் இருக்கு. எண்பதை நெருங்குற மனுஷனுக்கு அதைக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. நீங்களும் முயற்சி பண்ணாதீங்க.

ராத்திரி ஸ்ட்ராஸ்பூர்ல இருக்கிற சித்தப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். ஒரு வேரைக் கையில வச்சுக்கிட்டுப் பாடமே நடத்திட்டார். பார்க்க அழுக்கான மரவள்ளிக்கிழங்கு மாதிரி இருக்கு. வாங்கும்போது வளைச்சுப் பார்க்கணும், வளையவே கூடாது. கையில கனமா இருக்கணும். பச்சை படிஞ்சது, முளை விட்டது, நடுவுல மெத்துனு அமுங்குறது எதுவும் வேண்டாம். மண்ணைக் கழுவாம ஈரத்துணியில சுத்தி ஃபிரிட்ஜ்ல வச்சா வாரக்கணக்குல தாங்கும். அந்தக் காலத்துல நிலவறையில ஈர மணலுக்குள்ள புதைச்சு வச்சு குளிர்காலம் முழுக்க எடுத்துப்பாங்களாம். தேவையான அளவுக்கு மட்டும்தான் தோல் சீவணும். துருவும்போது ஜன்னலைத் திறந்து வைக்கலைன்னா வெங்காயமெல்லாம் ஒண்ணுமே இல்லை.

அப்போ அவர் ஒண்ணு சொன்னார்: "முழு வேரை மோந்து பாரு, வாசனையே இருக்காது." அதுதான் எனக்குப் பொறி தட்டின இடம். காரம் அந்த வேருக்குள்ள இல்லை, வெட்டும்போதுதான் உருவாகுது. நம்ம ஹாஸ்டல்ல உடைஞ்ச பக்கெட்டை ஒட்ட அரால்டைட் வாங்குவோமே, ரெண்டு ட்யூப், தனித்தனியா இருக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகாது, கலந்தாதான் வேலை ஆரம்பிக்கும். இங்கயும் அப்படித்தான். செல்லுக்குள்ள சினிக்ரின் ஒரு அறையில, மைரோசினேஸ்ங்கிற நொதி வேற அறையில. துருவினா சுவர் உடைஞ்சு ரெண்டும் கலந்து, அல்லைல் ஐசோதயோசயனேட் வருது. வினிகர் ஊத்தினா நொதி அடங்கும். உடனே ஊத்தினா காரம் கம்மி, மூணு நிமிஷம் விட்டு ஊத்தினா மண்டைக்கு ஏறும். அடுப்புல வச்சா மொத்தமும் போச்சு. அதனாலதான் இதைச் சமைக்க மாட்டாங்க, சமைச்சு இறக்கினதுக்கு மேல போடுவாங்க.

அடுத்து நான் தேடினது, சினிக்ரின் வேற எதுல இருக்குன்னு. பதில் எங்க ஆயாவோட அஞ்சறைப்பெட்டியில இருந்துச்சு. கடுகு! நாம தினமும் தாளிக்கிற அதே கடுகு. சூடான எண்ணெயில போட்டு வெடிக்க வைக்கிறதால நொதி செத்துடுது, நமக்கு அந்த மூக்கேறுற காரம் தெரியறதே இல்லை. பச்சைக் கடுகைப் பொடிச்சுப் போடுற ஆந்திரா ஆவக்காயில கொஞ்சம் எட்டிப் பார்க்கும். கடைகள்ல வசாபின்னு பச்சையா தர்றதுல பெரும்பாலும் இந்த ஹார்ஸ்ரேடிஷும் கடுகும் சாயமும்தான்.

இன்னொரு முக்கியமான விஷயம், இந்தக் காரத்துக்கு வாசனை நரம்பு தேவையில்லை. முகத்துல வலியையும் எரிச்சலையும் சொல்ற ட்ரைஜெமினல் நரம்பு வழியா அது நேரா மூளைக்குப் போகுது. தாத்தாவுக்கு மூக்குல வாசனைதான் போச்சு, இந்த லைன் அறுந்துபோகலை. ஜப்பான்ல காது கேட்காதவங்களைத் தூக்கத்துலேர்ந்து எழுப்ப வசாபி நெடியைத் தெளிக்கிற தீ அலாரம் செஞ்சு, 2011-ல இக் நோபல் பரிசு வாங்கியிருக்காங்க. புராஜெக்ட் தலைப்பு தேடுறவங்க குறிச்சுக்கலாம்.

மறுநாள் அதே அக்காகிட்ட வெள்ளை முள்ளங்கி வாங்கினேன். ஒல்லியா, கெட்டியா, கனமா, இலை வாடாம இருக்கிறதா பார்த்து. வீட்டுக்கு வந்ததும் இலையை வெட்டிடணும், இல்லைனா கிழங்குல இருக்கிற தண்ணியை இலை இழுத்துக்கும். இலையைப் பொரியல் பண்ணிடுங்க, எறியாதீங்க. முள்ளங்கியும் கடுகு குடும்பம்தான், காரம் தோலை ஒட்டித்தான் அதிகம். அதனால தோல் சீவாம நல்லாக் கழுவித் துருவினேன், ஒரு கிண்ணம். உப்புப் போட்டுப் பிழிஞ்சு வச்சேன். ரெண்டு ஸ்பூன் கடுகை மிக்ஸி சூடாகாம விட்டு விட்டுப் பொடிச்சு, ரெண்டு ஸ்பூன் பச்சைத் தண்ணியில குழைச்சுப் பத்து நிமிஷம் மூடி வச்சேன். வெந்நீர் கூடவே கூடாது. அப்புறம் ஒரு ஸ்பூன் வினிகர், கசப்புக்குக் கொஞ்சம் சர்க்கரை, முள்ளங்கி, ரெண்டு ஸ்பூன் கெட்டித் தயிர். அவ்வளவுதான். அல்சாஸ்ல தயிருக்குப் பதிலா க்ரீம் போடுவாங்க.

வேக வச்ச உருளைக்கிழங்கும் மட்டன் எலும்பு சூப்பும் வச்சு, ஓரமா இதைக் கொஞ்சம் வச்சேன். தாத்தா ஒரு வாய் எடுத்தார். கண்ணை இறுக்கி மூடினார், தண்ணி வழிஞ்சுது. ஆயா பயந்துபோய் "என்னடா கொடுத்த?"ன்னு கத்திட்டாங்க. அவர் கையால சும்மா இருன்னு காட்டிட்டு, மூக்கைத் துடைச்சுட்டு, இன்னும் ரெண்டு கிழங்கு கேட்டார். ரேஃபோர் மாதிரியே இருக்கான்னு கேட்டேன். "இல்ல. ஆனா வந்து அடிக்குது"ன்னார்.

வாசனை இன்னும் திரும்பலை. எடை இப்போ 56. வயித்துக்கு ஒத்துக்குதான்னு பார்த்து, ஒரு வேளைக்கு ஒரு ஸ்பூனுக்கு மேல வேண்டாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். ஃபிரிட்ஜ்ல வச்சாலும் நாலஞ்சு நாள்ல காரம் இறங்கிடுது, அதனால நான் ஹாஸ்டல்ல இருக்கும்போது ஆயாதான் கொஞ்சம் கொஞ்சமா அரைக்கிறாங்க. டிசம்பர்ல சித்தப்பா வர்றார். பாட்டில்ல அடைச்ச ரேஃபோர் கொண்டு வரட்டுமான்னு கேட்டதுக்கு, அது நமுத்துப்போயிருக்கும், வேண்டாம்னுட்டார் தாத்தா. அதுக்குப் பதிலா கமம்பேர் சீஸ் கேட்டிருக்கார். வாசனையே தெரியாத மனுஷனுக்கு அந்த நாத்தம் பிடிச்சது எதுக்குன்னு ஆயா இன்னும் கேட்டுட்டிருக்காங்க.