குறை சொன்ன கம்பி

பசித்தவனுக்குச் சோறிடாமை கேடு; உண்டு நிறைந்தவன் வாயில் மேலும் மேலும் திணித்தலும் கேடேயாம். முன்னதை உலகம் எளிதில் அறியும். பின்னதை அறிவது அரிது. மோட்டார் வண்டியின் பாட்டரிக்கும் இவ்வுண்மை பொருந்தும். மின்சாரம் ஏறாத பாட்டரியை எவரும் நொடியிற் கண்டுகொள்வர், வண்டி கிளம்பாது. அளவுக்கு மிஞ்சி ஏறும் பாட்டரியோ, காலையில் வண்டியை நன்றாகவே கிளப்பிவிட்டு, உள்ளுக்குள் வெந்து மடியும். அங்ஙனம் மடிந்தபின் பழி எவர் தலையில் விழுகின்றது என்பதே யாம் ஈண்டு எழுதப் புகுந்த பொருள்.

எமது தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் பழைய சிறு லாரியொன்று உண்டு. 2022ஆம் ஆண்டில், ஏழு மாதத்திற்குள் அதன் பாட்டரி இருமுறை கெட்டது. பட்டணத்துப் பட்டறையார் முதன்முறை பாட்டரியை மாற்றினர். மறுமுறை பாட்டரியோடு, மின்சாரம் பிறப்பிக்கும் ஆல்டர்னேட்டரையும் மாற்றினர். மூன்றாம் பாட்டரியும் நீர் வற்றி, அழுகிய முட்டை நாற்றம் வீசத் தொடங்கிற்று. "டிரைவர் பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை" என்று பட்டறையார் எழுதிக் கொடுத்தனர். அவ்விலையை அவர் சம்பளத்திற் பிடிக்கலாமா என்ற பேச்சு அலுவலகத்தில் எழுந்தது. லயத்திலோ, வண்டிக்குக் கண்ணேறு பட்டதென்று சக்கரத்தின்கீழ் எலுமிச்சம்பழம் வைத்தனர்.

அந்த டிரைவர் எமக்கு இருபதாண்டு மூத்தவர். "ஐயா, தினமும் நான்தான் தண்ணி ஊத்துறேன். அது எங்கே போகுதுன்னுதான் தெரியல" என்றார். பட்டறையாரும் கேளாத, கண்ணேறு என்றோரும் கேளாத கேள்வி அது. ஊற்றிய நீர் எங்கே போகின்றது?

12 வோல்ட் பாட்டரிக்கு ஏறக்குறைய 14.2 வோல்ட் அழுத்தத்தில் மின்சாரம் ஏற்றுதல் முறை. 15 வோல்ட்டையும் கடந்து ஏற்றினால், உள்ளிருக்கும் நீர் ஐதரசன், ஆக்சிசன் என்னும் இரு வாயுக்களாகப் பிரிந்து வெளியேறும். நீர் குறையத் தகடு வெளிப்படும், தகடு அரிக்கும், விளக்குகளும் வாழ்நாள் குன்றும். ஐதரசனோ, ஒரு தீப்பொறி பட்டால் வெடிக்கும் வாயு. ஆகவே டிரைவர் ஊற்றிய நீரை வண்டியே காற்றாக்கி விட்டுக்கொண்டிருந்தது. அவர் சொன்னது மெய்.

நிற்க. அழுத்தம் ஏன் மிகுந்தது? இதனை ஆராயும் வழியை யாம் கற்றது மோட்டார் பட்டறையில் அன்று. தம் கையால் வானூர்தி கட்டுவோர் எழுதிய நூல்களிலேயாம். அமெரிக்காவில் 1953ஆம் ஆண்டு பால் பொபரெஸ்னி என்பார் விஸ்கான்சின் மாநிலத்தில் இத்தகையோர்க்கென ஒரு சங்கம் நிறுவினார். ஆசிரியரும் தச்சரும் விவசாயியும் வீட்டுக் கொட்டகையிலேயே சிறு வானூர்தி கட்டி, அதில் தாமே ஏறிப் பறக்கின்றனர். அதனுள் ஓடும் கம்பி ஒவ்வொன்றும் அவர்களே இழுத்தது. அழுத்தம் மிகுந்தால் வானத்தில் ஓரமாய் நிறுத்தி மூடியைத் திறந்து பார்க்க இயலுமோ? வானொலியும் வழிகாட்டும் கருவிகளும் ஒருங்கே எரிந்துபோகலாம். ஆதலின், அழுத்தம் 16 வோல்ட் அளவை எட்டியதும் ஆல்டர்னேட்டரை அடக்கிவிடும் காவற்கருவியொன்றை அவர்கள் பூட்டுகின்றனர். அதனினும் மேலாக, அளந்து பாராமல் எப்பொருளையும் மாற்றலாகாது என்பதை விதியாகக் கொண்டுள்ளனர்.

அவர்கள் கூறும் விளக்கம் இது. ஆல்டர்னேட்டர் தானாக எதையும் முடிவு செய்வதில்லை. ரெகுலேட்டர் என்னும் கருவி, பாட்டரியின் நிலையை ஒரு கம்பி வழியாகக் கேட்டறிந்து, காந்தச் சுருளுக்கு விடும் மின்னைக் கூட்டியும் குறைத்தும் ஆள்கின்றது. பல வண்டிகளில், செய்தி சொல்லும் கம்பியும் காந்தச் சுருளுக்கு மின் கொண்டுபோகும் கம்பியும் ஒன்றே. அக்கம்பியின் இணைப்பிலோ சுவிட்சிலோ களிம்பேறி 0.3 ஓம் தடை உண்டானால், 4 ஆம்பியர் ஓடும்போது 1.2 வோல்ட் வழியிலேயே தொலையும். பாட்டரியில் 15.4 வோல்ட் இருக்க, ரெகுலேட்டர் 14.2 என்றே அறியும். தன் வரையில் அது கடமை தவறவில்லை. கம்பி குறைத்துச் சொன்னதை நம்பிற்று, அவ்வளவே.

ஒரு ஞாயிறன்று, டிரைவர் இயந்திரத்தை ஓட்ட, யாம் வோல்ட் மீட்டரை வைத்துப் பார்த்தோம். பாட்டரி முனையில் 15.4, ரெகுலேட்டர் வாயிலில் 14.2. இரண்டும் ஒருங்கே 15.4 காட்டியிருப்பின், ரெகுலேட்டரையோ அதன் தரையிணைப்பையோ ஐயுற்றிருப்போம். வேறுபட்டமையால் குற்றம் இடைவழியில் என்பது தெளிவாயிற்று. கம்பியைத் தடவிச் சென்றபோது சாவி சுவிட்சின் பின்புற இணைப்பு பச்சைக் களிம்பேறிக் கருகியிருந்தது. ஒரு முழக் கம்பியும் புதிய இணைப்பும் இட்டபின் இரண்டிடத்தும் 14.2 நின்றது. இங்கே ஓர் எச்சரிக்கை: பழைய டைனமோ வண்டிகளிற் செய்ததுபோல, இயந்திரம் ஓடும்போது பாட்டரிக் கம்பியைக் கழற்றிச் சோதித்தல் ஆகாது. அந்நொடியில் எழும் மிகையழுத்தம் ஆல்டர்னேட்டரையே கெடுத்துவிடும்.

அவ்வெண்களை ஒரு தாளில் எழுதி மேலாளர்முன் வைத்தோம். சம்பளத்திற் பிடிக்கும் பேச்சு அன்றே ஒழிந்தது. மூன்றாம் பாட்டரி இரண்டாண்டு கடந்தும் உழைத்தது.

அன்பர்களே, தோட்டத்துக் கிராணி என்பவன் யார்? வெளிக்காட்டில் நடப்பதை அலுவலகத்திற்குக் கொண்டுசெல்லும் கம்பியே அவன். அக்கம்பியில் அச்சமும் அலட்சியமும் களிம்பாக ஏறினால், மேலே இருப்போர் எத்துணை நேர்மையாளராயினும் தவறாகவே ஆணையிடுவர், வேகின்றவன் தொழிலாளி. ஆகலின், செய்தியைக் குறையாது கொண்டுசெல்லுதல் எம்மனோர்க்கு முதற்கடமை.

இளைஞர்களுக்கு ஒன்று சொல்வோம். வோல்ட் மீட்டரின் விலை, பாட்டரி விலையிற் பத்திலொரு பங்கும் ஆகாது. அதனைப் பிடித்து அளக்கப் பட்டமும் வேண்டுவதில்லை. ஒவ்வொரு தோட்டத்துக் கொட்டகையிலும் ஒன்று தொங்கட்டும். அதனை ஆளத் தெரிந்தவன், தெரியாத இருவர்க்குத் தமிழிலேயே கற்பிக்கட்டும். எலுமிச்சம்பழத்தைச் சோற்றுக்கு ஊறுகாயாக வைத்துக்கொள்வோம். பொருள் கெட்டால் முதலில் அளப்போம். அளந்தபின் ஆளைக் குறை சொல்லும் தேவை பெரும்பாலும் நேராது.