தூண்டிற் பாடம்

கனடா தேசத்து வின்னிபெக் நகரிலிருந்து நம் தம்பி மகன் எழுதிய கடிதமொன்று சென்ற மாதம் நமக்குக் கிடைத்தது. கைப்பேசி வழியாக வந்ததே எனினும், அதன் நீளமும் அதிலிருந்த பணிவும் கருதி அதனைக் கடிதமென்றே கூறுகின்றோம். அதன் சாரம் வருமாறு:

"பெரியப்பா, இங்கே ஏரி உறைந்து கிடக்கிறது. என்னோடு வேலை செய்பவர்கள் மீன் பிடிக்க என்னையும் அழைத்துப் போனார்கள். பனிக்கட்டியில் துளையிட்டு, இரண்டு முழக் கோலொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துத் துளையில் இருந்தவர் நான்கு மீன் பிடித்தார். எனக்கு ஒன்றுமில்லை. அப்பா சிறு வயதில் சிலாங்கூர் ஆற்றில் இறால் பிடிப்பதில் பேர்போனவர் என்று அத்தை சொன்னார்கள். அப்பா என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை. உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள்."

நம் தம்பி மறைந்து இரண்டாண்டுகள் ஆகின்றன. அவன் தன் மகனிடம் இதனை ஏன் பேசவில்லை என்பதை நாம் அறிவோம்.

பனிக்கட்டியைத் தேநீர்க் கடைக் குவளையில் மட்டுமே கண்ட தோட்டத்து நேயர்களுக்கு இதனைச் சற்றே விளக்குதல் வேண்டும். வின்னிபெக் ஏரியின் நீர்ப்பரப்பு 24,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்டது. நமது சிலாங்கூர் மாநிலத்தைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. குளிர்காலத்தில் அதன் மேல்நீர் கல்லாய் இறுகிவிடும். மக்கள் அதன்மேல் நடந்து சென்று, துரப்பணத்தால் துளையிட்டு, நேர்கீழாக நரம்பை இறக்குகின்றனர். அவர்கள் தேடும் மீனுக்கு வால்ஐ என்று பெயர். அந்நாட்டார் பிக்கரல் என்றும் அழைப்பர். அதன் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பியனுப்பும் படலமொன்று உண்டு. ஆதலின் மங்கிய வெளிச்சத்திலும் அது நன்றாகக் காணும். அந்தியிலும் விடியலிலும் இரை தேடிப் புறப்படும். குளிர்நீரில் மீனின் உடல் மந்தப்பட்டிருப்பதால் அது பாய்ந்து கௌவுவதில்லை. மெல்ல அருகில் வந்து, பார்த்து நின்று, வாயில் வாங்கும். கோலைப் பிடித்திருப்பவனுக்கு ஒரு சிறு கனம் தோன்றும், அவ்வளவே.

இதனைப் படித்தவுடன் நமக்குச் சிலாங்கூர் ஆறு நினைவுக்கு வந்தது. பனியெங்கே, பெரெம்பாங் மரமெங்கே என்று நேயர்கள் நகைக்கலாம். ஆயினும் நேர்கீழே இறக்கிய நரம்பும், கண்ணுக்குத் தெரியாத அடிநீரும், விரலுக்கு மட்டுமே புலப்படும் கடியும் இரண்டிடத்தும் ஒன்றே.

நாம் பிறந்து வளர்ந்தது புக்கிட் ரோத்தானையடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில். (இன்று அங்கே பால்மரம் ஒன்றுமில்லை, எல்லாம் செம்பனை. இந்நாட்டிலேயே முதன்முதல் செம்பனை வாணிபப் பயிராக நடப்பெற்றதும் நமது வட்டாரத்துத் தென்னமாரம் தோட்டத்தில்தான். 1917-ஆம் ஆண்டு, ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரரால்.) ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு வழி. ஒன்று, கான்களிலும் தஞ்சோங் காராங் வயற்கால்வாய்களிலும் விரால் பிடிப்பது. மற்றொன்று, சைக்கிளை மிதித்துக் கம்போங் குவாந்தான் பக்கம் ஆற்றங்கரைக்குச் சென்று இறாலுக்குத் தூண்டிலிடுவது. நாம் விராலுக்குச் சென்றோம். நம் தம்பி இறாலுக்குச் சென்றான்.

விரால் முரட்டு மீன். தவளையைக் கண்டால் நீரைப் பிளந்துகொண்டு பாயும். அங்கே கைவேகமே வித்தை. அந்த வேகத்தோடு நாம் இறாலுக்கும் சென்று வெட்டி வெட்டி இழுத்து, வெறுங்கையோடு திரும்பிய நாட்கள் பல. ஆற்றிறாலை மலாய் அன்பர்கள் ஊடாங் காலா என்பர். காலா என்றால் நீண்ட கோல். அதன் பெருங்கால்கள் இரண்டும் உடலைவிட நீளமாய், நீலம் பாய்ந்து, கோல்போலவே நீண்டிருக்கும். அது இரையை வாயால் கௌவுவதில்லை. முதலில் இடுக்கிக் கால்களால் பற்றும். பற்றியதை வேறோரிடத்துக்கு இழுத்துச் செல்லும். அங்கே நின்று சிறிது சிறிதாக வாய்க்குக் கொடுக்கும். நரம்பு நகரும்போதே இழுப்பவனுக்குக் கிடைப்பது என்ன? இறால் இடுக்கியை விட்டுவிடும். முள் வெறுமையாய் மேலே வரும். நாம் இழுத்ததெல்லாம் அந்தக் கணத்தில்தான்.

தம்பியின் கருவி மிக எளிது. பழைய பால் டின் ஒன்றில் சுற்றிய தங்கூசி நரம்பு. நுனியில் சிறிய ஈயக்குண்டு. அதற்கு ஒரு சாண் தள்ளி மிகச் சிறிய முள். முள் பெரிதானால் இறாலின் வாயில் நுழையாது. இரை மண்புழு, அதனையும் முழுதாய்க் கோக்கமாட்டான், முள்ளை மறைக்குமளவே கிள்ளிக் கோப்பான். ஈயம் அடிமண்ணைத் தொட்டதும் நரம்பை விறைப்பாக்கி ஆள்காட்டி விரலின்மேல் கிடத்துவான். பிறகு அசையமாட்டான். தட்டுதல் ஒன்று வரும், பேசாதிருப்பான். நரம்பு பக்கமாக நகரும். விரலைத் தாழ்த்தி இடம் கொடுப்பான். நகர்ச்சி நிற்கும், அப்போதும் பொறுத்திருப்பான். "இப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருக்கிறது, அண்ணே" என்பான். அதன்பின் வாளியில் நீர் இறைப்பதுபோல ஒரே சீராய், வெட்டாமல் தளர்த்தாமல் தூக்குவான். இறால் வாலையடித்துப் பின்னோக்கித் துள்ளினால் நரம்பை விட்டுக் கொடுப்பான். மேல்மட்டம் வந்ததும் கைவலையைக் கீழே கொடுத்து வாங்கிக்கொள்வான்.

நாள் பார்ப்பதிலும் அவன் கெட்டிக்காரன். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் கடலேற்றமும் வற்றமும் கடுமையாய் இருக்கும். ஆறு ஓடுகிற ஓட்டத்தில் ஈயம் அடியில் நில்லாது. அட்டமி நவமியில் நீர் மெலிந்து சோம்பிக் கிடக்கும். விரலுக்குக் கடி தெளிவாய்த் தெரியும். அட்டமி நவமியில் எக்காரியமும் தொடங்கலாகாதென்று நம் பாட்டியார் நாட்காட்டியைப் பார்த்துக் கூறுவார். தம்பியும் அதே நாட்காட்டியைப் பார்த்து அதே நாட்களில் தூண்டிலைத் தூக்குவான். வீட்டில் அந்த நாட்காட்டியைப் பயனுள்ள வகையில் படித்தவன் அவன் ஒருவனே!

இனி அவன் மகனுக்குத் தெரியாத பகுதிக்கு வருகின்றோம்.

1971-ஆம் ஆண்டு தம்பிக்குப் பதினாறு வயது, எல்.சி.இ. தேர்வு எழுத வேண்டிய ஆண்டு. நமக்கு இருபது. தந்தையார் நோயுற்றுவிட்டமையால் நாம் படிப்பை விட்டுப் பால் வெட்டிக்கொண்டிருந்தோம். அவனொருவனாவது லயத்தைவிட்டு வெளியேற வேண்டுமென்பது நமது உறுதி. அவ்வாண்டு நடுவில் இரண்டு நாள் அவன் பள்ளிக்குச் செல்லாமல் ஆற்றங்கரையில் இருந்ததாய் ஒருவர் வந்து சொன்னார். அந்தி வேளையில் அவன் வீடு திரும்பியதும் நாம் ஒன்றும் கேட்கவில்லை. பால் டின்னைப் பிடுங்கி, நரம்பை அறுத்து அடுப்பிலிட்டோம். டின்னைக் காலால் மிதித்து நசுக்கினோம். அவன் பார்த்துக்கொண்டு நின்றான். "சரி, அண்ணே" என்றான். அவன் கையிலிருந்த தாளில் இறாலை விற்ற காசு மடித்திருந்தது. தேர்வுக் கட்டணத்துக்காக அதனைச் சேர்த்துக்கொண்டிருந்தான் என்பதை அன்னையார் பிறகுதான் நமக்குச் சொன்னார்.

தேர்வில் தேறினான், மேலும் படித்தான், கிள்ளானில் எழுத்தர் வேலை பெற்றான். அதன்பின் அவன் தூண்டிலைத் தொட்டதை நாம் கண்டதில்லை.

அன்று நாம் கண்டித்தது தவறென்று இன்றும் சொல்லத் துணியோம். பள்ளியை விட்ட பிள்ளைகள் எத்தனை பேர் செம்பனைக் குலை சுமந்தே கூன் விழுந்தனர் என்பதைக் கண்ணெதிரே கண்டவர் நாம். ஆயினும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். நரம்பை அறுக்காமல் கூரையிடுக்கில் ஒளித்துவைத்து, தேர்வு முடிந்தபின் கொடுத்திருக்கலாம். விராலுக்குப் பழகிய கை அதற்கும் வெட்டியிழுத்தது.

தம்பி மகனுக்கு உடனே பதிலெழுத உட்கார்ந்தோம், இயலவில்லை. கண்ணால் கண்டதைத்தான் எழுத முடியுமேயன்றி விரலால் அறிந்தது ஒன்றும் நம்மிடம் இல்லை. ஆகவே அடுத்த அட்டமிக்குப் பால் டின்னும் நரம்பும் சித்தம் செய்துகொண்டு, எழுபதைக் கடந்த இக்காலத்தில், மலாய் நண்பர் ஒருவருடைய சம்பானில் ஏறி அவ்விடத்துக்கே சென்றோம். முதற்கடி வந்தது, இழுத்துவிட்டோம். இரண்டாவது வந்தது, இழுத்துவிட்டோம். நண்பர் நகைத்தார். மூன்றாவதற்கு, நரம்பு பிடித்த கையை இடக்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டோம் என்றால் நேயர்கள் நம்புவார்களோ அறியோம். நரம்பு நகர்ந்தது, நின்றது. நெஞ்சு அடித்துக்கொண்டது. தூக்கினோம். கையளவு இறாலொன்று நீலக்காலை விரித்துக்கொண்டு மேலே வந்தது. இருட்டியபின் கரைமரங்களில் மின்மினிகள் ஒருசேர மின்னி ஒருசேர அணையத் தொடங்கும்வரை அங்கேயே இருந்தோம். மொத்தம் மூன்று இறால். தம்பியாயிருந்தால் அரைக் கூடை சேர்ந்திருக்கும்.

அன்றிரவே எழுதினோம். "ஆறு மணி நேரமும் கோலை என்ன செய்தாய்?" என்று முன்பே கேட்டிருந்தோம். ஓயாமல் ஆட்டிக்கொண்டிருந்தேன் என்றும், ஏதோ தட்டியபோதெல்லாம் ஓங்கி இழுத்தேன் என்றும் அவன் பதில் சொல்லியிருந்தான். நம் குடும்பத்துக் கைதான்! ஆகவே அங்குள்ளோர் முறையையும் விசாரித்து, இவ்வாறு எழுதினோம்: ஆட்டுவது மீனை அழைப்பதற்கு, கொடுப்பதற்கு அன்று. இரையை இரண்டொரு முறை உயர்த்தித் தாழ்த்து. பின் அடிமண்ணுக்குச் சற்று மேலே அசையாமல் நிறுத்து. மீன் வாய் வைப்பது அந்த அசைவற்ற நேரத்தில். பகல் நடுவில் வீணே உட்காராதே. அந்திக்கு ஒரு மணி நேரம் முன்னே துளையை ஆயத்தமாய் வை. நரம்பு மெல்லியதாய் இருக்கட்டும். பூச்சியத்துக்குக் கீழே 20 பாகைக் குளிரில் உன் தந்தையின் விரல்வித்தை செல்லாது; கையுறை கடியை மறைத்துவிடும். கோல்நுனியில் மெல்லிய கம்பிச்சுருள் கட்டிக்கொண்டு அதனையே பார்த்திரு. அது தாழ்ந்தால் மட்டுமன்று, நிமிர்ந்தாலும் கடிதான். மீன் இரையைத் தாங்கி மேலே எழுகின்றது என்று பொருள். அப்போது வெட்டாதே, சீராய்த் தூக்கு. ஒரு துளையில் நெடுநேரம் ஒன்றுமில்லையெனில் வேறு துளைக்குப் போ. பனிக்கட்டி தெளிந்து 4 அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தாலன்றி அதன்மேல் கால் வைக்காதே, தனியே போகாதே.

இவற்றின்கீழே 1971-ஆம் ஆண்டு நடந்ததையும் எழுதினோம். அடுப்பையும் எழுதினோம், தாளில் மடித்திருந்த காசையும் எழுதினோம்.

பத்து நாள் மறுமொழி இல்லை. பதினோராம் நாள் படமொன்று வந்தது. பனித்தரையின்மேல் பொன்னிறமும் பச்சையுமாய் மீனொன்று கிடந்தது. அதன் கண் பளிங்குபோல் வெளுத்திருந்தது. கீழே இரண்டே வரி. "நீங்கள் சொன்னபடி நிறுத்தினேன், பெரியப்பா. அப்பாவின் பால் டின் எவ்வளவு பெரிது?"

சமையலறைக்குச் சென்று கெட்டிப்பால் டின் ஒன்றை எடுத்து அளந்து எழுதியனுப்பினோம்.