கம்பியின் கணக்கு

திருச்செங்கோட்டுப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு மண்ணைத் துளைக்கும் தொழில் புதிதல்ல. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் இங்கிருந்து இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் போகின்றன. அண்ணன் தம்பிகள் நாங்கள் இருவரும் அப்படியொரு வண்டியை நம்பிப் பிழைக்கிறவர்கள். போர் பாயிண்ட் பார்க்கக் காடு மேடெல்லாம் போய்வர வேண்டும் என்ற சாக்கில், சென்ற ஆண்டு பழைய வெளிநாட்டு எஸ்.யு.வி. ஒன்றை வாங்கினோம். கற்களில் அடிவயிறு தட்டுகிறது என்று அதை இரண்டு அங்குலம் உயர்த்தவும் செய்தோம். தயாரித்தவர் வகுத்த அமைப்பை நம் விருப்பத்துக்கு மாற்றக் கூடாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. தெரிந்தேதான் செய்தோம்.

உயர்த்திய மறுநாளே வண்டி எங்களை ஏளனம் செய்யத் தொடங்கியது. முன்பக்கம் நிமிர்ந்து நின்றது. பின்பக்கமோ இஞ்சினை முடுக்கிய சில நிமிடங்களில், யாரோ மூச்சு விடுவதைப் போன்ற ஓசையுடன் பழைய உயரத்துக்கே இறங்கிவிடும். முகப்பு விளக்குகள் சாலையை விட்டுவிட்டுப் புளியமரக் கிளைகளைக் காட்டின. சிறு பள்ளத்துக்கும் பின்னச்சு 'டம்' என்று முட்டியது. உயர்த்திக் கொடுத்த இடத்தில் கேட்டால், "காற்றுப் பை போயிருக்கும், புதிதாகப் போட வேண்டும்" என்றார்கள். விலையைக் கேட்டதும் நாமக்கல்லுக்குத் திருப்பிவிட்டோம்.

லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகளுக்குப் பேர்போன ஊர் நாமக்கல். அங்கே ஒரு பழைய மேஸ்திரி இருக்கிறார். எங்கள் அப்பாவின் லாரிக்கு வேலை பார்த்தவர். வண்டியை நிறுத்தச் சொல்லி, குனிந்து ஒருமுறை பார்த்தார். "பலூனெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. வண்டிய ஒசத்துனீங்க, கம்பிகிட்ட யாருஞ் சொல்லலை" என்றார்.

அவர் காட்டியது விரல் பருமன்கூட இல்லாத ஒரு கம்பி. ஒரு முனை அச்சோடும், மறுமுனை சட்டத்தில் இருக்கும் சென்சாரின் சிறு கையோடும் இணைந்திருந்தது. பின்பக்கத்தில் ஆளோ மூட்டையோ ஏறினால் வண்டி தாழும், கை திரும்பும், கம்ப்ரசர் பலூனுக்குக் காற்றை அனுப்பி வண்டியை மட்டத்துக்குக் கொண்டுவரும். பாரம் இறங்கினால் காற்று வெளியேறும். அந்தக் கம்பிக்குப் பாரம் என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் அச்சுக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளி மட்டுமே. பலூனுக்கு அடியில் நாங்கள் இரண்டு அங்குல ஸ்பேசரைச் செருகியதும் இடைவெளி கூடியது. பாரம் குறைந்துவிட்டதென்று எண்ணி அது நேர்மையாகக் காற்றைத் திறந்துவிட்டது. பலூன் நசுங்கி, அதன் அசைவுக்கான இடம் குறைந்து, அச்சு தடுப்புக் கட்டையில் போய் முட்டியது. எங்கள் கைவேலையை வண்டி ஒவ்வொரு நாளும் திருத்தி எழுதிக்கொண்டிருந்திருக்கிறது.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, உள்ளிருந்த சாமான்களை இறக்கி, நான்கு சக்கரங்களிலும் காற்றைச் சரிபார்த்தார் மேஸ்திரி. சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேல்வளைவு வரை இருபுறமும் அளந்து குறித்துக்கொண்டார். அடியில் நுழையும் முன் இஞ்சினையும் மட்டம் பார்க்கும் அமைப்பையும் அணைத்து, சட்டத்துக்கு ஸ்டாண்டு கொடுத்தார். காற்று திடீரென்று இறங்கினால் வண்டி ஆளின் மேல்தான் உட்காரும். பிறகு கம்பியின் பூட்டு நட்டைத் தளர்த்தி, சென்சாரின் கை தன் அசைவின் நடுவில் நிற்கும்படி நீளத்தைக் கூட்டினார். இஞ்சினை ஓடவிட்டு வண்டி அடங்கும்வரை காத்திருந்து மீண்டும் அளந்தார். கால் சுற்று கூட்டினார். அரைச் சுற்று குறைத்தார். பிரேக் குழாய்கள் இழுபடுகின்றனவா என்று தடவிப் பார்த்தார். கடைசியாகச் சுவரில் வெளிச்சம் அடித்து விளக்குகளைத் தாழ்த்தினார். இரண்டு மணி நேர வேலை; புதிய பொருள் ஒன்றுமில்லை.

கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "உங்கப்பா வண்டிலயும் இப்படி ஒரு கம்பி இருந்துச்சுங்களே, அத அப்ப யாராச்சும் பாத்தீங்களா?"

எங்களுக்குப் பேச்சு எழவில்லை.

2006இல் அப்பாவின் லாரிக்குக் கூடுதல் பட்டை ஏற்றச் சொன்னவர்கள் நாங்கள்தாம். கடன் நெருக்கியது, அதிகம் ஏற்றினால் அதிகம் வாடகை. அப்பா பட்டையை மறுக்கவில்லை, "அவ்வளவு பாரம் வேண்டாங் கண்ணு" என்று மட்டும் சொன்னார். அந்த வகை லாரிகளின் பின்னச்சில் பிரேக்குக்கென ஒரு வால்வு உண்டு. காலி வண்டியில் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வழுக்காமலிருக்க அது பிரேக்கின் காற்றழுத்தத்தைக் குறைத்து அனுப்பும். பாரம் ஏறிப் பட்டைகள் வளைந்தால் முழு அழுத்தத்தையும் விடும். அதுவும் ஒரு கம்பியைக் கொண்டு இடைவெளியைத்தான் அளக்கிறது. பட்டை கூடினால் வளைவு குறையும். பாரம் நிறைந்த லாரியைப் பாதிக் காலி என்று கம்பி கணக்கிடும். பின் பிரேக் சோம்பும். முன் பிரேக் தனியே உழைத்துச் சூடேறும்.

அந்த வருடம் பெங்களூரிலிருந்து இரும்பு ஏற்றி வரும்போது, தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் அப்பாவின் லாரிக்குப் பிரேக் பிடிக்கவில்லை. மலைப்பக்கம் ஒடித்து மோதி நிறுத்தினார். கிளீனர் பையனுக்குக் கால் முறிந்தது. இன்றும் தாங்கித்தான் நடக்கிறான். அப்பா அதன்பின் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. "என் கால் பிந்திருச்சு" என்பார். நாங்களும் வயதின்மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிட்டோம்.

கம்பிதான் காரணம் என்று இன்று நிரூபிக்க முடியாது. லாரி எப்போதோ பழைய இரும்பாகிவிட்டது. அதன் பட்டைகள் எந்தக் கொல்லன் பட்டறையில் அரிவாள்களாயினவோ. ஆனால் பட்டை ஏற்றிய அன்று அந்த வால்வை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பது எங்களுக்கு நிச்சயமாகத் தெரியும். பார்க்கச் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவர்கள் நாங்கள்.

அன்று இரவு அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னோம். கம்பியின் நீளத்தை விரலால் காட்டச் சொல்லிக் கேட்டார். வெகுநேரம் விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தோம். கோபம் வந்திருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"அந்தப் பையங்கிட்டச் சொன்னீங்களா?" என்றார்.

இல்லை என்றோம்.

"எங்கிட்டச் சொல்லி என்னாகுது. அவங்கிட்டப் போய்ச் சொல்லுங்க."

அவன் இப்போது ராசிபுரம் சாலையில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். நாளைக் காலை கிளம்புகிறோம். திரும்பி வந்ததும் அந்த ஸ்பேசர்களைக் கழற்றிவிடுவதென்றும் முடிவு செய்திருக்கிறோம். கழற்றிய பின் கம்பியைப் பழைய அளவுக்குக் குறைக்க மறக்கக் கூடாது.