தராசும் பரிசுத்தமும்

போடியிலிருந்து முந்தல் வழியாக மலை ஏறினால், 17 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கு வந்து சேரலாம். அதற்கு அப்பால் கேரளம். இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்கள். விடியற்காலையில் கூலிப் பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மேலே போகும். பொழுது சாயும்போது அதே ஜீப்புகள் கீழே இறங்கும். எதிரே அந்த ஜீப் ஒன்று வந்தால் இன்றும் நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

என் இருபதாவது வயதில், மெட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் ஒரு பருவம் கணக்கு எழுதினேன். ஏலக்காய் கைக்கு எட்டும் கிளையில் காய்ப்பதல்ல. செடியின் அடியில், தரையோடு தரையாகப் படரும் சரங்களில் காய்ப்பது. பெண்கள் ஈர மண்ணில் குந்தியிருந்து, முற்றிய காயாகப் பார்த்து ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டும். சாரல் விடாது, அட்டையும் விடாது. ஏறக்குறைய 5 கிலோ பச்சைக் காய் உலர்ந்தால்தான் 1 கிலோ ஏலக்காய் தேறும்.

மாலையில் அந்தக் காயை நிறுத்து ஏட்டில் பதிவது என் வேலை. குறிப்பிட்ட எடைக்கு மேல் எடுத்தவர்களுக்குக் கிலோக் கணக்கில் கூடுதல் கூலி உண்டு. “அரைக் கிலோவுக்குக் குறைந்ததை எழுத வேண்டாம், ஈரத்துக்குச் சரியாய்ப் போகும்” என்பது மேலிடத்து உத்தரவு. நானும் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போடிக்கு இறங்கி, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போவேன். கடவுளைப் பரிசுத்தர் என்று மூன்று முறை அழைத்துத் தொடங்கும் பழைய பாட்டு ஒன்று உண்டு. அதை எழுதியவர் கல்கத்தா பிஷப் ரெஜினால்டு ஹீபர். 1826 ஏப்ரல் 3 அன்று, நம் திருச்சிராப்பள்ளியில் காலை ஆராதனையை முடித்துவிட்டுக் குளிக்க இறங்கியவர், தண்ணீரிலேயே உயிர் துறந்தார். வயது 42. அங்கே தூய யோவான் ஆலயத்தில்தான் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். அந்தப் பாட்டைப் பாடும்போது எனக்குக் கண் கலங்கும். கடவுளின் பரிசுத்தம் என்றால் புகையும் ஒளியும் சூழ்ந்த ஏதோ ஓர் உயரம், நாம் எட்ட நின்று கும்பிட வேண்டியது, என்று எண்ணியிருந்தேன்.

எட்ட நிற்பது நமக்குப் பழகிப்போன பக்தி. சுத்தம் என்றால் இன்னொருவன் மேலே படாமல் இருப்பது என்றே நம்மவர்களில் பலர் புரிந்துகொண்டார்கள். கிறிஸ்தவர்களும் விதிவிலக்கல்ல. கோயிலுக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று பிஷப் டேனியல் வில்சன் 1833-இல் உத்தரவிட்டபோது, தஞ்சைப் பக்கத்தில் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். தொழுநோயாளியைத் தொட்டவரைக் கும்பிட்டுக்கொண்டே நாம் இதைச் செய்தோம்.

ஒரு நாள் மாலை, போடிப் பக்கத்து அம்மாள் ஒருத்தி தராசின் அருகே நின்றுகொண்டே இருந்தாள். அவள் எடை 400 கிராம் கூடியிருந்தது. வழக்கம்போல் விட்டுவிட்டேன். கோபமே இல்லாமல் கேட்டாள்:

“தம்பி, நீங்க விட்டுப்போடுற காயெல்லாம் எங்கிட்டுப் போகுது? திரும்பக் காட்டுக்கேவா போகுது?”

எனக்குப் பதில் வரவில்லை. அது ஸ்டோருக்குப் போய், உலர்ந்து, முதலாளியின் மூட்டையில் சேருகிறது என்பது அவளுக்கும் தெரியும்.

அன்று இரவு லேவியராகமத்தைப் புரட்டினேன். 19-ஆம் அதிகாரம். கடவுள் பரிசுத்தராக இருப்பதால் ஜனங்களும் பரிசுத்தராக இருக்கவேண்டும் என்று அது தொடங்குகிறது. அடுத்து வானத்து அதிசயங்கள் வரும் என்று எதிர்பார்த்தால், வயல் வருகிறது! வயலின் ஓரத்தை ஏழைக்கு விட்டுவிடு என்கிறது. கூலிக்காரனின் கூலியை விடியும்வரை வைத்துக்கொள்ளாதே என்கிறது. செவிடனை நிந்திக்காதே, குருடன் வழியில் தடை வைக்காதே என்கிறது. கடைசியில் தராசும் படிக்கல்லும் வருகின்றன. பலமுறை படித்த அதிகாரந்தான். ஆனால் நான் தினமும் பிடிக்கும் தராசு அதில் இருப்பதை அன்றுதான் கண்டேன்.

மறுநாள் முதல் கிராம் விடாமல் எழுதினேன். இங்கே கதை முடிந்திருந்தால் எனக்குப் பெருமையாக இருக்கும். முடியவில்லை. நான்காம் நாள் மேலிடத்திலிருந்து ஆள் வந்தார். ஏட்டைப் பார்த்தார். “வேலை வேண்டுமா, வேண்டாமா?” என்றார். வேண்டியிருந்தது. மறுபடியும் விட ஆரம்பித்தேன். அந்த அம்மாள் மறுபடி கேட்கவில்லை. பருவம் முடிந்ததும் நான் இறங்கி வந்துவிட்டேன். அவள் பெயர் ஏட்டில் இருந்தது. என் நினைவில் இல்லை.

ஆலயத்தில் கடவுளின் மகிமையைக் கண்ட ஏசாயா, முதலில் துதி பாடவில்லை. தன் உதடுகள் அசுத்தமானவை என்று அலறினான். நெருப்புத்தழல் வந்து அவன் உதட்டைத் தொட்டது. அவனுக்கு உதடு, எனக்கு, பென்சில் பிடித்த இந்த விரல்கள்.

இப்போதும் ஞாயிறுதோறும் அந்தப் பாட்டைப் பாடுகிறேன். ஆனால் மூன்றாவது முறை ‘பரிசுத்தர்’ என்று வரும்போது, அந்த 400 கிராம் காய் தராசுத் தட்டில் வந்து நிற்கிறது.